ஆலைச் சுவரோரம் தூவிய மல்லிகைப் பொடி

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். முட்டிவலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உண்மையில் மேடை ஏறிப் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். கோபத்தில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும். ராயபுரத்தில் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினால், கோபம் வரும்போது எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

நாம் என்ன செய்கிறோம் என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் இப்படிச் சொல்வேன். ஒரு துளி எண்ணெயையோ, மருந்தையோ, மையையோ எடுத்துக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டுக்குள் அடைக்கிறோம். கோடிக்கணக்கான ஓடுகள் சேர்ந்தால் பார்ப்பதற்கு மாவு மாதிரி இருக்கும். அந்த மாவு மாத்திரைக்குள் போகிறது, பிஸ்கட்டுக்குள் போகிறது, துணி துவைக்கும் பவுடரில் வாசனையாகப் போகிறது, வயலில் பூச்சிமருந்தாகப் போகிறது. நுண்ணுறை என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் திருவொற்றியூர் யூனிட்டில் எல்லோருக்கும் அது வெறும் பொடிதான்.

ஓடு செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். நான் எழுதுவது அந்த ஓடு உடைவதைப் பற்றி.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே ஓர் அம்மா இருந்தார். பேரைப் போட்டால் இன்றைக்கும் போன் செய்து திட்டுவார், அதனால் பேர் வேண்டாம். அப்போது நாங்கள் ஓர் அச்சகத்துக்கு மைப்பொடி கொடுத்துக்கொண்டிருந்தோம். கார்பன் தாள் வைக்காமலேயே, மேலே எழுதினால் அடித்தாளில் நகல் விழுகிற பில் புத்தகம் இருக்கிறதே, அதற்கு. பேனா அழுத்தும் இடத்தில் ஓடு உடையும், மை கசியும், எழுத்து நீலமாகத் தெரியும். காசிமேட்டு மீன் ஏலக்காரர்கள் அந்தப் புத்தகத்தை வாங்கினார்கள். வாங்கின வேகத்தில் திருப்பியும் கொடுத்தார்கள். அடித்தாள் முழுக்க நீலம், ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை என்றார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் திரும்பத் திரும்பச் சோதித்தோம். ஒவ்வொரு முறையும் பொடி தேறியது. ஏலக்காரர்களுக்குப் புத்தகத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் காசிமேட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஏலக்காரர் ஒரு பில் எழுதுவார், கடல்காற்றில் தாள் பறக்காமல் இருக்கப் புத்தகத்தைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வார், அடுத்த கூடைக்கு ஏலம் கூவுவார். நாங்கள் பேனாவுக்கு ஓடு செய்திருந்தோம். அது அவருடைய முழு எடையையும் தாங்க வேண்டியிருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்து, "உடைக்கப்போறது யாருன்னு பார்க்காம ஓடு செய்யாதே" என்றார். எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த பாடம் இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் பாத்திரம் கழுவுகிற மாதிரி, செய்யச் செய்ய வந்துவிடும்.

பிற்பாடு குழந்தைகளுக்கான ஒரு கசப்பு மருந்துக்கு உறை போட்டோம். குழந்தைகள் துப்புகிறார்கள் என்று புகார் வந்தது. மருந்து கம்பெனிக்காரர்கள் தாய்மார்களைக் குற்றம் சொன்னார்கள், பொடியைக் கரண்டியால் நசுக்கிப் பாலில் கலக்குகிறார்களாம், படிக்காதவர்களாம். என் அம்மாவும் எனக்கு மாத்திரையை நசுக்கித்தான் கொடுத்தார், அவர் பள்ளிக்கூட டீச்சர். தமிழ்நாட்டில் எந்தத் தாய் குழந்தைக்கு மருந்தை நசுக்காமல் கொடுத்திருக்கிறாள் என்று கேட்டேன். கரண்டிக்கு அசையாத ஓடாகச் செய்து கொடுத்த பிறகுதான் விட்டேன்.

இப்படித்தான் எனக்குக் கோபக்காரி என்று பேர் வந்தது. அந்தப் பேர் எனக்கு ஒருமுறை உண்மையிலேயே தேவைப்பட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். அப்போது தரக்கட்டுப்பாட்டுக்கு நான்தான் தலைமை. எண்ணூர்ப் பக்கம் ஒரு ரசாயன ஆலையிலிருந்து ஆர்டர் வந்தது. மல்லிகை வாசனைப் பொடி, மூட்டை மூட்டையாக வேண்டும். வெயிலில் கிடந்தாலும் வாசனை போகக்கூடாது, மேலே நடந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உடைய வேண்டும். எதற்கு என்று கேட்டதற்கு, ஆலைக்குள் தோட்டத்து நடைபாதையில் தூவுவதற்கு என்றார் அவர்களுடைய நிர்வாக அதிகாரி. எங்கள் முதலாளி உடனே மாதிரிக்கு ஒரு மூட்டையை அனுப்பிவிட்டார்.

குறிப்புகளைப் படித்தபோது ஒரு வரி என்னைக் குத்தியது. செருப்புக் காலுக்கும் உடைய வேண்டும், வெறுங்காலுக்கும் உடைய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ரசாயன ஆலைக்குள் பூட்ஸ் போடாமல் யாரையும் நடக்க விடமாட்டார்களே, அந்த வெறுங்கால் யாருடையது என்று யோசித்தேன். போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் அந்தக் கால் ஆலைக்கு வெளியே நடக்கிறவர்களுடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பொடி ஆலைக்குள் இல்லை. ஆலையின் பின்சுவருக்கு வெளியே ஒரு தெரு. மெயின் ரோட்டை வருஷா வருஷம் மேலே மேலே போட்டு உயர்த்திவிட்டதால் அந்தத் தெரு பள்ளத்தில் கிடந்தது. சுவரை ஒட்டிச் சாக்கடை. சாக்கடை ஓரம் நெடுக எங்கள் பொடி வெள்ளையாகக் கிடந்தது. தண்ணி லாரிக்குக் குடம் எடுத்துப்போகிற பெண்கள் அதன்மேல் வெறுங்காலோடு நடந்தார்கள். நடக்க நடக்க மல்லிகை மணத்தது. எதிரே இடுப்பில் குடத்தோடு வந்தவள், எங்கள் யூனிட்டில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை செய்யும் லோகேஸ்வரி. அன்றைக்கு அவளுக்கு வார விடுமுறை. அவள் குடியிருப்பதே அந்தத் தெருவில்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஆனால் தன் தெருவைப் பற்றி லோகு நிறையச் சொல்லியிருக்கிறாள். அடிக்கடி தாமதமாக வருவாள். கேட்டால், நாத்தம் வந்துடுச்சு மேடம் என்பாள். ஆலையில் எங்கோ ஒரு கசிவு. அழுகின முட்டை நாற்றம் லேசாக வந்தவுடன் தெருவில் யாராவது ஒருத்தர் சோற்றுத்தட்டை எடுத்துத் தட்டுவார்கள். எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, மேட்டுக்கு ஏறி மெயின் ரோட்டில் நிற்பார்கள். காற்று மாறினதும் இறங்கி வருவார்கள். வருஷக்கணக்காக இதுதான் அங்கே வழக்கம். தட்டுச் சத்தம் கேட்டால் குளித்துக்கொண்டிருப்பவர்கூட ஈரத்துணியோடு ஓடுவாராம். லோகு இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள், நாங்களும் சிரித்திருக்கிறோம்.

நேராக ஆலை அதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் ஒளிக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தெருக்காரர்கள் மனு மேல் மனு போடுகிறார்கள், வாசனை வந்தால் மனு நின்றுவிடும், உங்கள் பொடி வந்ததிலிருந்து ஒரு புகாரும் இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். கசிவை அடைக்கக்கூடாதா என்றேன். அதற்கு அந்தப் பகுதியை நிறுத்த வேண்டும், உற்பத்தியை நிறுத்த மேலிடத்தில் சம்மதிக்க மாட்டார்கள், அது பெரிய வேலை என்றார்.

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற அந்த வாயு ஒரு நயவஞ்சக வாயு. கொஞ்சமாக வரும்போது நாறும். அதிகமாக வந்தால் மூக்கையே மரக்கச் செய்துவிடும், நாற்றமே தெரியாது. காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும். முதலில் வருகிற அந்த லேசான நாற்றத்தை விட்டால் அந்த ஜனங்களுக்கு வேறு எச்சரிக்கை கிடையாது. அதன்மேல் மல்லிகையைத் தூவுகிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது பரவாயில்லை, அதனால் யாரும் சாகமாட்டார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எனக்குக் காபி வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

முதலாளியிடம் வந்து, இந்த ஆர்டருக்கு நான் ஒப்புதல் தரமாட்டேன் என்றேன். நான் ஒப்புக்கொள்ளாமல் ஒரு மூட்டையும் வாசலைத் தாண்டாது என்பது எங்கள் யூனிட் முறை. அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும், நாம் பொடி விற்கிறோம், வாங்குகிறவன் அதைத் தெருவில் தூவினால் என்ன, தலையில் தூவிக்கொண்டால் என்ன என்று கேட்டார். இந்தக் கேள்வியை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள். கேட்டால் என் முன்னால் கேட்காதீர்கள். அனுப்பிவிட்ட மூட்டையையாவது திருப்பி வாங்குங்கள் என்று மன்றாடினேன். போன் போட்டார், அவர்கள் தரவில்லை.

யாருக்காக நான் சண்டை போட்டேனோ அவர்களும் என் பக்கம் இல்லை. கேன்டீனில் லோகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மேற்கொண்டு பொடி வராது என்று கேள்விப்பட்டிருந்தாள். அவளுடைய நாத்தனார் செல்விக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் தெருமுனையிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள். இப்போது வியாசர்பாடியிலிருந்து ஓர் இடம் வருவதாக இருந்தது.

"இன்னா மேடம், நீங்களே இப்டிப் பண்றீங்கோ" என்றாள். "எங்க தெருவுல பொண்ணு எடுக்க எவன் வரான்? ஆட்டோ உள்ள வரச்சொல்லவே கலீஜ்னு திரும்பிப் போய்க்கினு கீறானுங்கோ. இப்பத்தான் வாசன கீது, நாலு பேர் வூட்டுக்குள்ள வந்து குந்தறாங்கோ. உங்க வூட்டாண்ட நாத்தம் இல்ல மேடம். அதான் நீங்க பேசறீங்கோ."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வாயுவைப் பற்றிச் சொன்னேன். கேட்டாள், தலையாட்டினாள். நாங்க பொறந்ததுலேருந்து அந்த நாத்தத்தோட கீறோம், எங்களுக்குத் தெரியாதா என்று எழுந்துபோனாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு தெருப் பெண்களுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமென்றால் விஷத்தின்மேல் மல்லிகை தூவிக்கொள்ள வேண்டும் என்கிற நிலைமைக்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள்மேல்தான் கோபம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வியாசர்பாடிக்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தார்கள். நான் அங்கே இல்லை, லோகு சொன்னதைத்தான் சொல்கிறேன். வீட்டுக்காரர்கள் ஆலைக் காவலாளியிடம் கேட்டு, மிச்சமிருந்த பொடியை வாங்கிவந்து வாசலிலும் கொல்லையிலும் நன்றாகத் தூவியிருந்தார்கள். தெருவே கல்யாண மண்டபம் மாதிரி மணத்ததாம். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. கேசரியும் காபியும் ஆனது. செல்வி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காபி டம்ளர்களை அலச வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் போய்க் குனிந்தாள். அவள் திரும்பி வரவில்லை.

அன்றைக்கு யாரும் தட்டைத் தட்டவில்லை. மல்லிகை மணத்தில் அந்த முதல் நாற்றம் யாருக்கும் தெரியவில்லை. டம்ளர் உருண்ட சத்தம் கேட்டுத்தான் லோகு பின்னால் ஓடினாள். செல்வி குப்புறக் கிடந்தாள். இழுக்கப் போன லோகுவின் புருஷனுக்கும் தலை சுற்றியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருமாக அவளை மேட்டுக்கு இழுத்துப்போனார்கள். வந்த விருந்தாளிகளும் அலறிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். செல்வியை ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்கு நினைவு திரும்பவில்லை.

மறுநாள் காலை முதலாளி எனக்குப் போன் செய்தார். பெண் மயங்கி விழுந்ததற்குக் காரணம் மல்லிகைப் பொடியால் வந்த ஒவ்வாமை என்று ஆலைக்காரர்கள் சொல்கிறார்களாம். தப்பு, பொடி செய்து கொடுத்த யூனிட்டின் தப்பாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், அது அப்படியே நடந்தது. தெருக்காரர்கள் நம் வாசலுக்கு வரப்போகிறார்கள், கொஞ்ச நாள் கேட்டை மூடிவிடலாமா என்று முதலாளி கேட்டார். கேட்டை மூடினால் தப்பு நம்முடையது என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், அதோடு அந்தக் கசிவு இன்னும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது என்றேன்.

எங்கள் கையிருப்பிலிருந்து அதே மல்லிகைப் பொடியில் ஒரு பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். தெரு மொத்தமும் மேட்டில், மெயின் ரோட்டு ஓரம் நின்றது. போலீஸ்காரர்கள் இருந்தார்கள். அந்த ஆலை அதிகாரியும் இருந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்ப ஒரு பழக்கூடையோடு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. பொடி கம்பெனிக்காரி வந்துட்டா என்று யாரோ சொன்னதும் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது.

பையைப் பிரித்து ஒரு கை நிறையப் பொடியை அள்ளி, இரண்டு உள்ளங்கையிலும் வைத்து நன்றாகத் தேய்த்தேன். ஓடெல்லாம் உடைந்து மல்லிகை குப்பென்று எழுந்தது. அதில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தேன். திரும்பவும் அள்ளினேன், திரும்பவும் இழுத்தேன். தும்மல் வந்தது, அவ்வளவுதான். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினேன்.

"என் பொடியை நான் மோந்துட்டேன் சார். இப்ப உங்க முறை. அந்தப் பொண்ணு விழுந்த இடத்துல, சாக்கடை ஓரமா, கொஞ்ச நேரம் போய் உட்காருங்க."

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். பழக்கூடையைப் பக்கத்தில் நின்ற டிரைவரிடம் கொடுத்தார். யாரும் அவரைத் தொடவில்லை, திட்டவும் இல்லை. எல்லோரும் அவர் கால் எந்தப் பக்கம் நகர்கிறது என்றுதான் பார்த்தார்கள். அது நகரவில்லை. அங்கே நின்ற போலீஸ் அதிகாரிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பகுதியை இப்போதே நிறுத்தாவிட்டால் ஆலை வாசலைத் தானே இழுத்துப் பூட்டுவதாகச் சொன்னார். அன்றைக்கே நிறுத்தினார்கள்.

செல்வி பிழைத்துக்கொண்டாள். கண் விழிக்கச் சில நாள் ஆனது. தலைவலி வருஷக்கணக்கில் இருந்தது. வியாசர்பாடிக்காரர்கள் திரும்பி வரவில்லை. பெண்ணைக் குறை சொல்லவில்லை, அந்தத் தெருவில் சம்பந்தம் வேண்டாம் என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள்.

ஆனால் நான் முடிக்க நினைத்தது அதில் இல்லை. ஆலையின் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள் என்றேன் அல்லவா, வேலை நடந்த அன்று காலை லோகு என்னைத் தன் வீட்டு மாடிக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். பெரிய வேலை, நிறுத்த முடியாத வேலை என்று அத்தனை வருஷம் சொன்னார்களே, ஒரு கூட்டமே வந்து இறங்கும் என்று நினைத்தேன். முகமூடி போட்டுக்கொண்டு ஒரே ஒரு ஃபிட்டர் வந்தார். இரண்டு குழாய்கள் சேருகிற இடத்தில் போல்ட்டுகளைக் கழற்றினார். நடுவில் இருந்த ரப்பர் வளையம் இற்றுப்போய்த் துண்டு துண்டாக வந்தது. அதைச் சுரண்டி எடுத்தார். புது வளையத்தை வைத்தார், போல்ட்டை முடுக்கினார், பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, முகமூடியைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போனார்.

லோகு அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு யாராவது வருவார்கள் என்று காத்திருந்தாள் போல. யாரும் வரவில்லை.

"இவ்ளோதானா மேடம்?" என்றாள்.

"இவ்ளோதான் லோகு."

அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நாத்தனார் விழுந்த அன்றைக்குக்கூட அவள் அழவில்லை.